துரை மலைக்கு ஓடிய உறுப்பினர்

என் அண்ணி பிரதேச சபை உறுப்பினராகிவிட்டார் என்ற செய்தியை அவருக்கு முதலில் சொன்னவள் நான்தான். அப்போது அவர் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு நாளிதழுக்குப் பிரதேச செய்தியாளர். நாளுக்குப் பத்துப் பெயர்ப் பட்டியலாவது என் கைபேசிக்கு வந்துவிடும். அன்று வந்த அரசு வர்த்தமானிப் பட்டியலில் பன்னிரண்டாவது வரியில் அண்ணியின் பெயர் இருந்தது. தகப்பன் பெயரின் முதலெழுத்துக்கூடச் சரியாக இருந்தது.

"அண்ணி, நீங்க மெம்பர் ஆயிட்டீங்க."

"எதுக்கு?"

"பிரதேச சபைக்கு."

கத்தி நிற்கவில்லை. "அது சும்மா போட்ட கையெழுத்து புள்ள. பொம்பளைங்க பேரு கொறையுதுன்னு அமைப்பாளர் தம்பி வந்து கேட்டாரு. வோட்டுச் சீட்டுல என் பேரே இல்லயே. யாரு எனக்குப் போட்டது?"

யாரும் அவருக்கென்று போடவில்லை என்பது உண்மைதான். ஒவ்வொரு கட்சியும் வட்டார வேட்பாளர்களைத் தவிர இன்னொரு பட்டியலும் கொடுக்க வேண்டும். கட்சிக்கு விழுந்த மொத்த வாக்குக்கு ஏற்ப அந்தப் பட்டியலிலிருந்து சிலர் உள்ளே போவார்கள். சபையில் பெண்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தக் கணக்குச் சரியாவதற்கு ஒரு பெண் தேவைப்பட்டார். அந்தப் பெண், கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கொழுந்து பறிக்கிற என் அண்ணி.

இரண்டு நாள் கழித்துக் கட்சியின் அமைப்பாளர் அண்ணி குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தார். முப்பது வயதிருக்கும், மரியாதையான ஆள், செருப்பை வெளியே விட்டுத்தான் வருவார். ஒரு கேக் பெட்டியும் ஒரு கடித உறையும் கொண்டுவந்தார். கேக்கைக் கொடுத்து வாழ்த்தினார். பிறகு உறையைத் திறந்தார். உள்ளே தட்டச்சு செய்த ராஜினாமாக் கடிதம் இருந்தது. தேதி போடவில்லை.

"ஒரு கையெழுத்து போதும்க்கா. ஒங்களுக்குத்தான் அலைச்சல். மாசா மாசம் வேலய விட்டுட்டு டவுனுக்கு ஓடணும். எல்லாம் எழுத்து, எல்லாம் சட்டம். டவுன்ல ஒரு தங்கச்சி இருக்கு, படிச்ச புள்ள. அதப் போட்டுருவோம்."

அண்ணி கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். முதல் கூட்டம், பௌர்ணமி விடுமுறையான போயாவுக்கு அடுத்த புதன்கிழமை. போயா அன்று பின்னேரம் வந்து கையெழுத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். இடையில் எட்டு நாள்.

"போட்டுருவீங்களா?" என்று கேட்டேன்.

"போடுறதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா என்னத்த வேணாங்கிறேன்னே தெரியாம எப்படி வேணாங்கிறது?"

இதற்கு என்னிடம் ஒரு பாடம் இருந்தது. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு கோபுரம் வரைந்தேன். உச்சியில் ஜனாதிபதி, கீழே பாராளுமன்றம், அதற்குக் கீழே மாகாண சபை, அடியில் பிரதேச சபை. பக்கத்தில் அம்புக்குறிகள். பத்திரிகையில் தேர்தல் காலத்தில் நாங்கள் போடுகிற படம் அது. பார்க்க நன்றாக இருக்கும்.

அண்ணி விரலை வைத்துப் பார்த்தார். "இதுல நம்ம எங்க இருக்கோம்?"

அடித்தட்டைக் காட்டினேன்.

"அடியிலயா? இது தெரிஞ்ச கதைதானே. இதுக்கு எதுக்குப் படம்?"

கோபுரம் சுவரில் இரண்டு நாள் தொங்கியது. மூன்றாம் நாள் அதில் யாரோ வெற்றிலைக்குச் சுண்ணாம்பு துடைத்திருந்தார்கள்.

சபையிலிருந்து உறுப்பினர்களுக்கென்று ஒரு கைநூல் தபாலில் வந்தது. அண்ணி எட்டாம் வகுப்புவரை படித்தவர். வாசிப்பார், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் விரலால் பிடித்து நிறுத்தித்தான் வாசிப்பார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம் நகரும். அந்த வேகத்தில் போனால் நூலை முடிக்க அவருடைய பதவிக்காலத்தில் பாதி போய்விடும் என்று அண்ணன் சொன்னார். அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வேலை செய்கிறவர். பகடி பேசுவதில் கெட்டிக்காரர். அன்று அவருக்கு இரண்டாவது தடவை சோறு கிடைக்கவில்லை.

விளையாட்டு என் யோசனை அல்ல. மலையில் பத்து மணித் தேநீரின்போது அண்ணி என் கோபுரத்தைப் பற்றித் தன் கூட்டத்துப் பெண்களிடம் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் சின்னம்மா. ஒரு மலையில் நின்று பேசினால் அடுத்த மலையில் பதில் சொல்வார்கள். அவர்தான் தீர்ப்புச் சொன்னாராம்: "படத்துல போட்டா எப்படி ஏறும்? பெரட்டுல நிக்க வச்சா ஏறும்."

பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடமும் நேரமும். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் எல்லாரும் வந்து நிற்பார்கள். கங்காணி பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று அனுப்புவார். தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டு நிலமும் தோட்டத்தில் ஒரு மலைதான், சமதரையாக இருந்தாலும். யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்பதை இந்தப் பெண்கள் எழுதிவைத்துப் படித்ததில்லை. கால்தான் படித்திருக்கிறது.

போயா அன்று மத்தியானம் இரண்டு மணிக்குப் பெரட்டுக் களத்தில் பதினோரு பெண்கள் வந்திருந்தார்கள். விடுமுறை நாள், எல்லாரும் முழுகித் தலை காயவைத்துக்கொண்டிருந்த நேரம். நான் நானுஓயாவில் வாடகைக்கு இருக்கும் அறையிலிருந்து பெரிய எழுத்தில் நான்கு அட்டைகள் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். சீட்டுகளில் குறைகளும் எழுதியிருந்தேன். ஒரு பதவிக்கு ஒரு மலை. நான் குறையை வாசிப்பேன். எல்லாரும் அதற்குப் பொறுப்பான மலைக்கு ஓட வேண்டும். தப்பான மலைக்கு ஓடினவருக்கு என்ன தண்டனை என்று நான் யோசிக்கும் முன்பே அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

"அரைப் பேர்!"

கொழுந்து எடை குறைந்தால் அன்றைக்குப் பாதி நாள் சம்பளம்தான். அதற்குத் தோட்டத்தில் அரைப் பேர் என்று சொல்வார்கள். அதைவிடத் தெளிவான தண்டனை அங்கே யாருக்கும் தெரியாது. மூன்று அரைப் பேர் வாங்குகிறவர் அடுத்த நாள் மலையில் அத்தனை பேருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜனாதிபதியாக ஆக உயரமான பெண்ணை ஒரு கல்லின் மேல் ஏற்றினோம். ஏறின உடனே அவர் யாரும் இல்லாத பக்கம் பார்த்துக் கையசைக்கத் தொடங்கினார். பாராளுமன்ற உறுப்பினருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் அவசர அவசரமாகப் படியிறங்கி வந்தார்.

"இந்தா, லேட்டா வாரா. இவதான் எம்.பி."

மாகாண சபை அட்டையை எடுத்தேன். பல வருஷமாக மாகாண சபைத் தேர்தல் நடக்காததால் இப்போது உறுப்பினர்களே இல்லை என்று விளக்கினேன்.

"ஆளே இல்லாத மலைக்கு எதுக்குப் பேரு?"

"பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதுக்குக் கீழதானே நெறைய இருக்கு. மலை இருக்கு, ஆளு இல்ல," என்றேன்.

ஒருவர் போய் மடுவத்திலிருந்து ஒரு வெறுங்கூடையை எடுத்துவந்து கவிழ்த்து வைத்தார். அதன் மேல் அட்டையைச் சாத்தினோம். பிரதேச சபை அட்டையை அண்ணி தானே எடுத்துக்கொண்டு மடுவத்தின் இடது மூலைக்குப் போய் நின்றார். நான் சீட்டைக் குலுக்கத் தொடங்கினேன்.

"நில்லு பாப்பா," என்றார் சின்னம்மா. "தொரை எங்க?"

"தொரைய யாரும் வோட்டுப் போட்டு எடுக்கலயே சின்னம்மா. இது வோட்டுப் போட்டு வந்தவங்களுக்கான வெளையாட்டு."

"தொரை இல்லாம ஒரு பெரட்டா? நல்ல கதைதான்."

தோட்ட முகாமையாளரைத்தான் சொல்கிறார். அந்தப் பதவியின் பெயர் கடிதத் தலைப்பில் எத்தனை தடவை மாறினாலும் லயத்தில் அது துரைதான். நான் மறுப்பதற்குள் சின்னம்மா ஒரு குடையைக் கைத்தடிபோல் ஊன்றி, யாரோ ஒருவரின் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, மடுவத்தின் வாசற்படியில் ஏறி நின்றுவிட்டார். நடையும் கச்சிதம். வாயில் இல்லாத பைப்பைக்கூடப் பிடித்திருந்தார்.

முதல் சுற்றில் ஏழு குறைகள் வாசித்தேன். நான் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். ஏழுக்கும் பெரும்பான்மையானவர்கள் துரை மலைக்குத்தான் ஓடினார்கள். குழாயில் தண்ணீர் இல்லை, துரை. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, துரை. சந்தைக்குப் பின்னால் குப்பை அள்ளவில்லை, துரை. மண்ணெண்ணெய் விலை ஏறிவிட்டது என்று வாசித்தபோது இரண்டு பேர் மட்டும் ஜனாதிபதியிடம் போனார்கள். மற்றவர்கள் துரையிடம் போய், விலை ஏறியிருப்பதால் சம்பளத்தைக் கூட்டச் சொன்னார்கள். துரை குடையைத் தட்டி, "போங்க போங்க, கொழுந்து கொறையுது," என்றார்.

சிரிப்பதற்கு நடுவிலும் அது எனக்குப் புரிந்தது. பிறந்த குழந்தையை விட்டுப்போகிற பிள்ளை மடுவம் தோட்டத்தினுடையது. குழாயும் கூரையும் தோட்டத்தினுடையவை. செத்தால் பெட்டிக்குப் பலகை கேட்டுப் போகிற இடமும் தோட்டத்து ஆபீஸ். கால் பழகின பாதையில்தானே ஓடும்.

அந்த ஏழில் ஐந்தாவது குறை: "லயத்துக்குத் திரும்புற முடக்குல லைட் இல்ல."

பெண்கள் துரை மலைக்கு ஓடினார்கள். அவர்களோடு அண்ணியும் ஓடினார். பிரதேச சபை அட்டை கையிலேயே இருந்தது. அதை விசிறிக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, இருவரைத் தள்ளிவிட்டு முன்னால் போய், "தொரைங்களே, லைட் ஒண்ணு போட்டுக் குடுங்க," என்றார்.

சின்னம்மா தொப்பியை உயர்த்தி அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"என்னா மெம்பரம்மா? ஒங்க மலைய விட்டுட்டு இங்க என்னா வேலை? அரைப் பேர் போடட்டுமா?"

அதற்குப் பிறகு ஒரு நிமிஷம் விளையாட்டு நடக்கவில்லை. ஜனாதிபதி கல்லிலிருந்து விழுந்து எழுந்தார். எம்.பி. மடுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். அண்ணி தரையில் உட்கார்ந்தே விட்டார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பி, தான் நின்ற மூலையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"ஐயையோ," என்றார், இப்போது சிரிக்காமல். "கொறைய சொல்ல ஒருத்தி அங்க வந்திருந்தா, என் மலையில நானே இருந்திருக்க மாட்டேனே."

எழுந்து போய் மூலையில் நின்றார். இந்தத் தடவை அட்டையைச் சுவரில் ஆணிக்கு மாட்டிவிட்டார்.

இரண்டாவது சுற்றுக்கு முன் ஒரு விவாதம். முடக்கில் லைட் போடுவது உண்மையில் யார் வேலை? நான் தயங்காமல் சொன்னேன்: "தெரு லைட்டு பிரதேச சபைதான். ஆனா தோட்டத்துக்குள்ள சபை காசு செலவழிக்க ஏலாது. அது கம்பெனி காணி. அதனால தொரைகிட்டப் போனது சரிதான்."

"பாத்தியா!" என்று துரை குடையை உயர்த்தினார்.

"புஸ்தகத்துல வேற மாதிரி இருக்கே புள்ள," என்றார் அண்ணி.

"இருக்காது அண்ணி. நான் எத்தன செய்தி எழுதியிருக்கேன்."

அவர் லயத்துக்கு நடந்து போய்க் கைநூலை எடுத்துவந்தார். போய்வர ஏழு நிமிஷம் ஆனது. அதுவரை ஜனாதிபதி நடனமாடினார். அண்ணி ஒரு பக்கத்தைப் பிரித்து, விரலை வைத்து, உரக்க வாசிக்கத் தொடங்கினார். பதினைந்து வரி இருக்கும். ஒவ்வொரு சொல்லாக வந்தது. நீளமான சொற்களில் நின்று, பின்னால் போய், மறுபடி ஏறினார். நடுவில் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, நகரவும் இல்லை. வரி முடிந்தபோது விஷயம் தெளிவாக இருந்தது. சட்டம் மாற்றப்பட்டிருக்கிறது. தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, தோட்டத்துக் குடியிருப்புகளுக்கும் சபை வேலை செய்யலாம்.

நான் புத்தகத்தை வாங்கி இரண்டு தடவை வாசித்தேன். அவர் சரி. சட்டம் மாறிய செய்தியையும் நான்தான் ஒருகாலத்தில் எழுதியிருந்தேன் என்பது பிறகு ஞாபகம் வந்தது. எழுதி அனுப்பிவிட்டு, பழைய வாக்கியத்தையே வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பேப்பர்க்காரிக்கு அரைப் பேர்!" என்று பதினோரு தொண்டைகள் கத்தின. வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு விளையாட்டின் விதி மாறியது. தோட்டத்துக்குள் உள்ள லைட், பாதை, தண்ணீர் ஓடுகிற கான் என்று குறை வந்தால் பெண்கள் அண்ணியிடம் ஓட வேண்டும். அண்ணி துரை மலைக்கு நடந்து போய், துரையைக் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டும். சின்னம்மா லேசில் வருகிற துரை அல்ல.

"மேலிடத்துல கேக்கணும். கொழும்பு ஆபீசுக்கு எழுதிப் போடணும்."

"எழுதுங்க தொரைங்களே. எப்ப எழுதுவீங்க?"

"பாப்போம்."

"பாப்போம்னு ஒரு தேதி காலண்டர்ல இல்லயே. எந்தத் தேதி?"

"நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வேலை. நான் இங்கேயே நிக்கிறேன்."

நின்றார். துரை இடது பக்கம் திரும்பினார், அண்ணியும் அந்தப் பக்கம் போய் நின்றார். துரை குடையை விரித்தார், அண்ணி குடைக்குள் நுழைந்துகொண்டார். கடைசியில் சின்னம்மாவுக்கே சிரிப்பு வந்து படியிறங்கினார்.

அடுத்து பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் இல்லை என்ற குறை. மூன்று பேர் சரியாக மாகாண மலைக்கு ஓடிவிட்டு, கவிழ்ந்த கூடையைச் சுற்றி நின்று அதைப் பார்த்தார்கள்.

"கூடகிட்ட என்னத்த சொல்றது?"

இப்போது அந்த இடத்தை ஆளுநரும் அதிகாரிகளும் பார்க்கிறார்கள் என்றேன்.

"ஆளுநர யாரு வோட்டுப் போட்டு எடுத்தது?"

"யாரும் எடுக்கல. ஜனாதிபதி போட்டது."

"அப்ப அவரும் ஒரு தொரைதான்," என்று ஒருத்தி முடித்துவிட்டாள். நான் இதுவரை படித்த எந்தத் தலையங்கத்திலும் இதை இவ்வளவு சுருக்கமாகக் கண்டதில்லை.

நாலரை மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அமைப்பாளர் வந்து, களத்தில் பெண்கள் ஓடுவதையும் கல்லின் மேல் ஒருவர் கையசைப்பதையும் பார்த்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றார். விளையாடும் சூட்டில் அவரையும் யாரும் விடவில்லை.

"வாங்க தம்பி, வாங்க! நீங்க எந்த மலை?"

"என்னாக்கா இது?"

"மெம்பருக்குப் பாடம். ஒங்க மலைக்குப் போய் நில்லுங்க."

அவர் சுற்றிப் பார்த்தார். அட்டைகளை வாசித்தார். சிரித்துக்கொண்டே எம்.பி.க்குப் பக்கத்தில் போய் நின்றார். "நான் எம்.பி.யோட ஆளு."

"ஆளு வேற, எம்.பி. வேற! ஒங்களுக்கு யாரு வோட்டுப் போட்டது?"

"யாரும் போடலக்கா."

"அப்ப அரைப் பேர்!"

அவரும் சிரித்தார். நல்ல மனிதர்தான். படியில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். தேநீர் முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தார். அதைக் கண்டதும் சிரிப்புச் சத்தம் ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வந்து நின்றது. எல்லாருக்கும் விஷயம் தெரியும். எந்தப் பெண்ணும் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் காலில் ஒட்டிய புல்லைத் தட்டினார், ஒருவர் கொண்டையை அவிழ்த்துக் கட்டினார்.

அண்ணி கடிதத்தை விரித்து மடியில் வைத்து, விரலை வைத்தார். முதல் தடவை வந்தபோது அவர் அதைப் பார்த்ததோடு சரி. இப்போது வாசித்தார். அதே மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, உரக்க. அமைப்பாளர் இரண்டு தடவை உதவிக்கு வாயெடுத்தார். அண்ணி விரலைத் தூக்காமலே காத்திருந்தார், அவர் வாயை மூடிக்கொண்டார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"'எனது சொந்த விருப்பத்தின் பேரில்'னு போட்டிருக்கே தம்பி. இந்த விருப்பம் யாரோடது?"

"அது எல்லாக் கடிதத்துலயும் வழக்கமாப் போடுறதுக்கா."

"எனக்கு அந்த விருப்பம் இன்னும் வரல."

அவர் கீழே பார்த்தார். "கஷ்டம்க்கா. ஒங்களுக்குத்தான் சொல்றேன். அங்க பேசுறது எல்லாம் ஒங்களுக்கு வெளங்காது. மேல உள்ளவங்களும் கோவிச்சுக்குவாங்க."

"வெளங்காட்டி கேப்பேன். கோவிச்சா கோவிச்சிட்டுப் போறாங்க. எட்டு நாளைக்கு முன்ன இன்னொரு தரம் கேட்டிருந்தீங்கன்னா போட்டிருப்பேன் தம்பி, பொய் சொல்லல. இப்ப என்னத்த விடச் சொல்றீங்கன்னு தெரியுது. அதான் கை வரமாட்டேங்குது." கடிதத்தை அதன் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் போட்டுக் கொடுத்தார். "பொதன்கிழம வந்துருவேன்னு சொல்லிருங்க."

அமைப்பாளர் உறையை வாங்கிக்கொண்டார். எழுந்தபடி, முதல் பஸ் ஆறேகாலுக்கு, அதைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்விடலாம் என்று அவராகவே சொன்னார். மோட்டார் சைக்கிள் முடக்கில் மறையும்வரை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சின்னம்மா தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என்னா வேடிக்க? எல்லாரும் மலைக்குப் போங்க! கொழுந்து கொறையுது!"

இருட்டும்வரை விளையாடினார்கள். மூன்று அரைப் பேர் முதலில் வாங்கியது ஜனாதிபதி. அவர் கல்லைவிட்டு இறங்கி அடிக்கடி மற்ற மலைகளின் வேலையில் தலையிட்டார்.

புதன்கிழமை நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். சொந்த அண்ணியைப் பற்றிச் செய்தி எழுதக் கூடாது என்பதால் குறிப்பேட்டைக் கொண்டுபோகவில்லை. அண்ணி கடைசிக்கு முந்தின வரிசை. பக்கத்தில் ஒரு சிங்கள உறுப்பினர், அவரும் முதல் தடவையாக வந்த பெண். இருவரும் ஒருவருக்கொருவர் புன்னகைத்துவிட்டு நேராகப் பார்த்தார்கள். முதல் ஒரு மணி நேரம் நன்றியுரைகள். பிறகு அண்ணி கையைத் தூக்கினார். ஒலிவாங்கியை எப்படி இயக்குவது என்று தெரியவில்லை. பக்கத்துப் பெண் எட்டிப் பொத்தானை அழுத்தினார். அண்ணியின் குரல் அவர் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகக் கேட்டதும் ஒரு கணம் பின்வாங்கினார்.

"தலைவர் ஐயா, ஒரு கொறைய இந்தச் சபையில எடுக்கணும்னா என்னா செய்யணும்?"

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. முன்கூட்டியே பிரேரணையாக எழுதிச் செயலாளரிடம் தர வேண்டும் என்றார். பக்கத்துப் பெண்ணும் இரண்டு பழைய உறுப்பினர்களும் அதைக் குறித்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

இடைவேளையில் அண்ணி என்னிடம் ஒரு தாள் கேட்டார். வராந்தாவில் நின்றபடி முடக்கு லைட்டைப் பற்றி ஒன்பது வரி எழுதினார். நான் எழுத்துப்பிழை பார்க்கவா என்றதற்கு, "நீ அரைப் பேர் வாங்கினவ," என்றார். தாளைச் செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்.

கந்தப்பளையில் பஸ் மாறும்போது பசி தாங்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் நானாவின் சாப்பாட்டுக் கடை. ரொட்டியும் பருப்பும் சொன்னோம். யார் மூலமோ அவருக்குச் செய்தி போயிருந்தது. தட்டை வைத்த கையோடு ஆரம்பித்தார்.

"மெம்பர் தங்கச்சி, முன்னால கானப் பாத்தீங்களா? மழை பேஞ்சா தண்ணி கடைக்குள்ளயே வருது. எத்தன தரம் சொல்லியாச்சு."

"யாருகிட்ட சொன்னீங்க நானா?"

"எல்லாருகிட்டயும்தான்."

"எல்லாருகிட்டயும் சொன்னா யாரும் செய்ய மாட்டாங்க. இது பிரதேச சபை ரோடா, மாகாண ரோடா, பெரிய ரோட்டுக்காரங்க ரோடா?"

நானா ரொட்டிக் கரண்டியைப் பிடித்தபடி யோசித்தார். "ரோடு ரோடுதானே?"

அண்ணி ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனார். கண்ணாடி அலமாரியின் ஊடாக எனக்குத் தெரிந்தது. சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கானின் ஓரமாகவே நடந்தார். ஒரு இடத்தில் நின்று பலகையில் எதையோ விரலை வைத்து வாசித்தார். திரும்பி வந்து, குனிந்து, அடைப்பு எங்கே என்று பார்த்தார். நானாவும் அடுப்பை விட்டுவிட்டு அவர் பின்னால் போனார். அடுத்த கடைக்காரரும் வந்து சேர்ந்துகொண்டார்.

எங்கள் பஸ் வந்தது. நான் என் ரொட்டியை முடித்திருந்தேன். அண்ணி பஸ்ஸுக்குக் கையைக் காட்டி, போகச் சொல்லிவிட்டு, மறுபடி கானுக்குள் குனிந்தார்.